மறுமொழி: ‘ரெஸ்பான்ஸ் டைம்’ – கடிகாரம் எங்கே நிற்கிறது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அவசர சிகிச்சைக் கையேட்டின் தமிழ் வரைவில் ‘ரெஸ்பான்ஸ் டைம்’ (அழைத்ததிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர ஆகும் நேரம்) வரும் இடத்திலெல்லாம் ‘மறுமொழி நேரம்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆம்புலன்ஸ் மொழி எதுவும் பேசுவதில்லை என்பது சின்னக் காரணம். கடிகாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது என்பதுதான் பெரிய காரணம்.

ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்ததால் ஓர் ஊரில் இதயம் நின்று விழுந்து பிழைத்தவர்களை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியாமல் இருந்தது. அதைச் சரிசெய்ய 1990-ல் நார்வேயின் உட்ஸ்டைன் மடத்தில் மருத்துவர்கள் கூடினார்கள். அடுத்த வருடம் வெளிவந்த பொதுமுறைப்படி, அழைப்பு வந்ததிலிருந்து வண்டியின் ஓட்டம் நிற்கும்வரைதான் ‘ரெஸ்பான்ஸ் டைம்’. நோயாளியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததைத் தனியாகக் குறிக்கச் சொன்னார்கள். நாம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம்.

இந்த வித்தியாசம் வெறும் இலக்கணச் சண்டை இல்லை. டொராண்டோ வட்டாரத்தில் வீட்டில் இதயம் நின்றுபோன 7,842 பேரின் பதிவுகளை எடுத்து ஓர் ஆய்வு 2016-ல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்தது. மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 சதவீதம். பதினாறாம் மாடிக்கு மேலே போனால் 0.9. இருபத்தைந்துக்கு மேலே ஒருவர்கூட இல்லை. வண்டி கட்டடத்தின் கீழே வந்து நின்றதும் நேரம் பதிவாகிவிடும். லிப்டுக்குக் காத்திருந்தது அந்தக் கணக்கில் வராது.

நமக்கு மாடி ஏது என்று கேட்காதீர்கள். நம் செட்டிநாட்டு வீடுகள் படுத்துக்கிடக்கிற மாடிக்கட்டடங்கள். முன்வாசல் ஒரு தெருவில், கொல்லைவாசல் அடுத்த தெருவில்.

என் முன்மொழிவு: வண்டி வந்து நின்றதற்கு ‘வாசல் நேரம்’, நோயாளியிடம் போனதற்கு ‘நோயர் சேர் நேரம்’.

– காரைக்குடி

*

தம்பிக்கு,

கருத்தோடு எனக்குப் பிணக்கில்லை, சொற்களோடுதான். ‘வாசல்’ கூடாது. உங்கள் துறையிலேயே வாசலுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்து அடைத்த ரத்தக்குழாயை விரிக்கும் பலூன் வைப்பதற்கு 90 நிமிடம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு 30 நிமிடம் என்று மாரடைப்பு அத்தியாயத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆஸ்பத்திரி வாசல், இங்கே வீட்டு வாசல் என்றால் படிக்கிறவன் எந்த வாசலில் நிற்பான்?

‘நோயர் சேர் நேரம்’ அதைவிட மோசம். நோயரை நாம் சேர்ந்த நேரமா, நோயர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த நேரமா? வேற்றுமைத்தொகை வைத்தால் விரித்துப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் படிவம் நிரப்புகிறவருக்கு அதற்கெல்லாம் பொழுதிருக்காது.

‘துலங்கல் நேரம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது உளவியல்காரர்கள் தூண்டலுக்கும் துலங்கலுக்கும் வைத்துக்கொண்டது. அவர்களிடமே இருக்கட்டும்.

வண்டி நிற்பதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது. தேர் நிலைக்கு வந்துவிட்டது என்கிறோமே, அந்த நிலை. ‘வண்டிநிலை நேரம்’ எனலாம். இரண்டாவதற்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை.

– தேவகோட்டை

*

ஐயா, டாக்டர் அண்ணே, இரண்டு பேருக்கும் வணக்கம்.

எனக்குப் புலமை கிடையாது, ஆம்புலன்ஸ் வண்டியில் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) வேலை. எங்கள் பேச்சில் இருப்பது ‘ஸ்பாட்’ ஒன்றுதான். ஸ்பாட்டுக்கு வந்தாச்சு என்று பைலட் (வண்டி ஓட்டுநர்) சொன்னால் அவருக்கு வேலை முடிந்தது, எனக்கு அங்கேதான் தொடங்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு வீடு. 108 போன் சென்னைக்குப் போயிருக்கிறது, கதவு எண் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்த பெண்ணுக்குத் தெரிந்தது விலாசம், அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகள், மட்டும்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த விலாசத்தைச் சொல்லித்தான் வீட்டைக் காட்டுவார்கள். கண்டுபிடித்துப் போய் நின்றோம். முகப்புக் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், வருடத்துக்கு இரண்டு முறை திறந்தால் அதிகம் போல. திறந்து, திண்ணை தாண்டி, பட்டாலைக் கூடம் தாண்டினால் வளவு என்கிற நடுக்கட்டு. வளவு முற்றத்தில் மழைத்தண்ணீர். சுற்றிப்போக வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் நிலைப்படி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும். ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் உருளாது, ஒவ்வொரு முறையும் தூக்கி வைக்கணும். ஆச்சி விழுந்து கிடந்தது அடுப்படிப் பக்கம். கொல்லைக் கதவுக்குப் பத்தடி! அந்தத் தெருவுக்கே வண்டியை விட்டிருக்கலாம். அவருக்கு வந்தது மயக்கம்தான், சர்க்கரை இறங்கியிருந்தது, சரியாகிவிட்டார். இதயம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதனால் எனக்கு வேண்டிய சொல் ஒரே மூச்சில் கத்துகிற மாதிரி இருக்கணும். பேஷண்ட் மேல் கை வைத்த நேரத்தைப் பைலட்டிடம் கத்திச் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். ‘கைவை நேரம்’ சரியா வருமா?

– கானாடுகாத்தான்

*

‘கைவை’ வேண்டாம் தம்பி. கைவைத்துவிட்டான் என்றால் நம் பக்கம் அடித்துவிட்டான் அல்லது பணத்தை எடுத்துவிட்டான் என்று பொருள். ‘கைபடு நேரம்’ என்று வைத்துக்கொள்ளலாம். உன் சொல்தான், கடைசியில் மட்டும் மாற்றம்.

– தேவகோட்டை

*

ஐயா, ‘கைபடு நேரம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு திருத்தம்.

ஒன்று, யார் கை? இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தத் தொடங்குவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற பேரனோ பக்கத்து வீட்டுக்காரரோதான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். துடிப்பு தாறுமாறாகி விழுந்தவருக்கு மார்பழுத்தமும் இல்லாமல் மின்னதிர்ச்சி தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்தக் கையை நாம் கணக்கிலிருந்து விரட்டக் கூடாது. ஆகவே கையேட்டு வரையறையில் ‘வண்டியில் வந்த பணியாளரின் கை’ என்று எழுதிவிடுவோம். வீட்டார் அழுத்தத் தொடங்கியதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கட்டும்.

இரண்டாவது கொஞ்சம் சிக்கல். நம் ‘நேரம்’ மணி 10.42-ஐயும் குறிக்கும், பதினெட்டு நிமிடம் ஆனதையும் குறிக்கும். படிவம் பார்த்தேன், ஒரே கட்டத்தில் ஒருவர் மணியை எழுதியிருக்கிறார், இன்னொருவர் நிமிடக் கணக்கை எழுதியிருக்கிறார். உட்ஸ்டைன்காரர்களும் இதற்காகவே இரண்டையும் பிரித்தார்கள். மணிக்கு ‘நேரம்’, கழிந்த நிமிடங்களுக்கு ‘இடைவெளி’ என்று வைத்துக்கொள்வோம். ‘இடைவேளை’ என்று யாரும் கிளம்ப வேண்டாம், முறுக்கு வாங்கப் போய்விடுவார்கள். ‘அழைப்பு–வண்டிநிலை இடைவெளி’, ‘அழைப்பு–கைபடு இடைவெளி’. நீளம்தான், ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

கானாடுகாத்தான் தம்பி, ‘எந்தத் தெரு வாசல்’ என்று கேட்கிற ஒரு வரியை அழைப்பெடுப்போர் அத்தியாயத்தில் சேர்க்கிறேன். எப்படிக் கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் சட்டென்று பதில் சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

– காரைக்குடி

*

அண்ணே, ‘ஆள் கிடக்கிற இடத்துக்குப் பக்கமா இருக்கிறது முன்வாசலா, கொல்லைவாசலா’ என்று கேட்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்துவைக்கச் சொல்வதையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.

– கானாடுகாத்தான்

*

இரண்டு சொல்லையும் அடுத்த வரைவில் ஏற்றிவிடுகிறேன். ‘இடைவெளி’ பற்றி எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற சந்து மாதிரி ஒலிக்கிறது. வேறு அமைந்தால் எழுதுகிறேன். ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் கவனிப்பது என்று பிரிக்கும் முறை, அந்தச் சொல்லுக்குத் தனி இழை தொடங்குங்கள். இதிலேயே கலந்தால் பிறகு தேடி எடுக்க முடியாது.

– தேவகோட்டை