சிங்கப்பூர்: லாரி கிரேனில் கம்பிக் கட்டு சரிந்து கால் முறிவு. "உன் தவறு" என்கிறார்கள், இழப்பீடு கிடைக்குமா?

மன்னார்குடி_செல்வம்:
வணக்கம். என் மைத்துனருக்கு 31 வயது, சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை. போன மாதம் சைட்டில் 16 மி.மீ. கம்பிக் கட்டை லாரி கிரேன் வைத்து இறக்கும்போது ஒரு முனை தாழ்ந்து, கம்பிகள் சரிந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. உள்ளே ராடு வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் 45 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்திருக்கிறார்கள். லாரி கிரேன் கம்பி சப்ளை செய்தவர்களுடையது.
கம்பெனியில், "கட்டுக்குப் பக்கத்தில் நின்றது உன் தவறு, க்ளெய்ம் கிடையாது. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் ஓய்வெடு" என்கிறார்கள். ஓடி (ஓவர்டைம்) சேர்த்து மாதம் 1,100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கியவருக்கு இப்போது பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 700 மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். உண்மையில் யார் தவறு? என்ன செய்ய வேண்டும்?

தூக்குவேலை:
அந்தத் தாளில் கையெழுத்து வேண்டாம். சட்டத்தைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் தவறு எங்கே என்பதை மட்டும் சொல்கிறேன்.

16 மி.மீ. கம்பியின் எடை மீட்டருக்கு 1.58 கிலோ (விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்துப் பாருங்கள்). 12 மீட்டர் கம்பி ஒன்று 19 கிலோ, நூறு கம்பி கொண்ட கட்டு ஏறக்குறைய 1.9 டன். இதைத் தூக்க இரண்டு ஸ்லிங் (கொக்கியில் மாட்டித் தூக்கும் கயிறு) வேண்டும். ஒவ்வொன்றையும் கட்டைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். ஒரே சுற்றில் தொட்டில் மாதிரி கொடுத்தால் கட்டின் உள்ளே இருக்கும் கம்பிகளை எதுவும் பிடிக்காது. ஒரு பக்கம் அரை அடி தாழ்ந்தாலே நடுக்கம்பிகள் உருவிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதைவிடக் கொடுமை, மில்லில் கட்டி அனுப்பும் கட்டுக்கம்பியிலேயே கொக்கியை மாட்டித் தூக்குவது. அது கட்டு பிரியாமல் இருக்கப் போட்டது, தூக்குவதற்கு இல்லை.

அடுத்தது ஸ்லிங்கின் கோணம். இரண்டு கால் ஸ்லிங் தரையோடு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 1.1 டன் தாங்கும். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலுக்கும் முழு 1.9 டன் போகும். நீளக் கட்டுக்குக் குட்டை ஸ்லிங் போட்டால் இப்படித்தான் ஆகும். கால்கள் உள்பக்கமாக இழுபட்டு, கட்டின் மேலேயே நழுவும்.

மூன்றாவது, கிரேன் நின்ற நிலை. 15 டன்-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கிய அளவு) லாரி கிரேன் 3 மீட்டர் தூரத்தில் தூக்குவதை 10 மீட்டரில் தூக்காது. அங்கே கணக்குக்கே 1.5 டன்தான், பூம் எனப்படும் கிரேன் கையின் சொந்த எடையைக் கழித்தால் இன்னும் குறையும். இடம் இல்லை என்று ஒரு பக்க அவுட்ரிகரை (லாரி சாயாமல் தரையில் ஊன்றும் காலை) பாதி மட்டும் நீட்டினாலோ, அடியில் பலகை போடாமல் ஈர மண்ணில் ஊன்றினாலோ, லாரி ஒரு பக்கம் சாயும்போது கட்டின் முனையும் தாழும்.

அவர் ஏன் அங்கே நின்றார் என்று கேட்பவர்கள், கட்டைத் திருப்ப டேக்லைன் கயிறு கொடுத்தார்களா என்பதையும் சொல்லட்டும். கயிறு இல்லாவிட்டால் கையால் தள்ளத்தான் ஆள் பக்கத்தில் போக வேண்டிவரும். லிஃப்டிங் பிளான் (தூக்கும் திட்டம்), சூப்பர்வைசர், ரிக்கர் (ஸ்லிங் கட்டுபவர்), சிக்னல்மேன் (கிரேனுக்குச் சைகை காட்டுபவர்) எல்லாம் சட்டப்படி கேட்கப்படுபவை. இதில் யார் அன்றைக்கு இல்லை என்று விசாரியுங்கள்.

காயஇழப்பீடு:
செல்வம், முதல் விஷயம்: சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் (நம் ஆட்கள் விக்கா என்பது இதைத்தான்) யார் தவறு என்ற கேள்வியே எழாது. வேலையால், வேலை நேரத்தில் அடிபட்டால் போதும். போதையில் இருந்தது, சண்டை போட்டது, தானே காயப்படுத்திக்கொண்டது போன்றவைதான் விலக்கு. "பக்கத்தில் நின்றான்" என்பது அதில் வராது. கிரேன் சப்ளையருடையது என்றாலும் இந்த க்ளெய்ம் உங்கள் மைத்துனரின் முதலாளி பக்கம்தான், அவருடைய இன்ஷூரன்ஸ் கொடுக்கும். சட்ட உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அது செல்லாது. ஆனாலும் கையெழுத்திட்டால், விபத்து நடந்த விதத்தையே அதில் மாற்றி எழுதியிருப்பார்கள், பிறகு மறுக்கத் திண்டாட வேண்டும்.

எம்சி சம்பளம்: ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுச் சராசரி வருமானம், அதன் பிறகு விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. சராசரி என்பது விபத்துக்கு முந்தைய 12 மாதக் கணக்கு, ஓடியும் அதில் சேரும். ஆகவே 45 நாளுக்கும் 700 அல்ல, 1,100 கணக்கில் வர வேண்டும். லைட் டியூட்டி (இலகுவான வேலை) கொடுத்துச் சம்பளம் குறைந்தாலும் இதே சராசரியை வைத்துத்தான் கணக்கு.

நிரந்தர ஊனம் இருந்தால்: சராசரி வருமானம் × வயதுக்கான எண் × ஊன சதவீதம். 40 வயதுவரை அந்த எண் 181. டாக்டர் 12% என்று எழுதினால் 1,100 × 181 × 12% = 23,892 வெள்ளி. பேசிக் 700-ஐ வைத்துப் போட்டால் 15,204 தான். ஓடி காட்டும் சம்பளச் சீட்டுகள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை அல்லது ஓராண்டு வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை.

காயத்துக்கு எம்சி கொடுத்திருந்தால் முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் மைத்துனரே அமைச்சில் பதிந்துகொள்ளலாம். விபத்து நாளிலிருந்து ஓராண்டு கெடு உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டாம்.

மன்னார்குடி_செல்வம்:
ரொம்ப நன்றி அண்ணே. ஊருக்கு வந்துவிட்டால் க்ளெய்ம் போய்விடுமா? பெர்மிட்டை கேன்சல் செய்தால் எங்கே தங்குவார்? ஏஜென்ட் ஒருவர் "வரும் தொகையில் 20% கொடுங்கள், லாயர் பிடித்துத் தருகிறேன்" என்கிறார்.

காயஇழப்பீடு:
உரிமை போகாது, ஆனால் ஸ்கேன், ரிவ்யூ, ஊன மதிப்பீடு எல்லாம் அங்கேதான் நடக்கும். பாதியில் வந்தால் கேஸ் தளர்ந்துவிடும். பெர்மிட் ரத்தானாலும் க்ளெய்ம் நடக்கும்வரை ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகத் தங்கும் அனுமதி) இருக்க முடியும். சாப்பாடு, தங்குமிடம், சிகிச்சை அதுவரை முதலாளி பொறுப்பு.

அந்த ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள். அங்கே வழக்கறிஞர் நஷ்டஈட்டில் சதவீதம் வாங்கக் கூடாது. விக்கா க்ளெய்முக்கு லாயரே தேவையில்லை. படிவம் புரியாவிட்டால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்புகளான மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர், டிடபிள்யூசி2, ஹோம் மூன்றில் ஒன்றிடம் போகட்டும்.

தூக்குவேலை:
லாயர் தேவைப்படுவது சிவில் வழக்குக்கு. கவனக்குறைவை நிரூபித்தால் வலி, வருங்கால வருமான இழப்பு எல்லாம் சேரும், உச்ச வரம்பு இல்லை, மூன்று ஆண்டு கெடு. ஆனால் விக்கா பணத்தையும் அதையும் சேர்த்து வாங்க முடியாது. விக்காவில் தொகை முடிவாவதற்கு முன்பே லாயரிடம் கேட்டுவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் சாட்சியம் இப்போதே வேண்டும். ஸ்லிங்கின் டேக் (அதன் விவர அட்டை), கட்டின் லேபிள், அவுட்ரிகர் நின்ற இடம் இவற்றைக் கூட வேலை செய்தவர்கள் போட்டோ எடுத்திருந்தால், தேதி தெரியும் அசல் ஃபைலையே வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்தது போதாது. லாரி எண், டெலிவரி ஆர்டர், அன்றைய லிஃப்டிங் பெர்மிட், டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். கூட நின்றவர்களின் போன் நம்பரை உடனே வாங்குங்கள். அவர்களும் வேறு சைட்டுக்கோ ஊருக்கோ போய்விடுவார்கள்.

மன்னார்குடி_செல்வம்:
ஊன சதவீதம் எப்போது போடுவார்கள்? ராடு உள்ளே இருக்கிறதே.

காயஇழப்பீடு:
பொதுவாக ஆறு மாதத்துக்குப் பிறகு, எலும்பு கூடிக் காயம் நிலைப்பட்டதும். முழங்கால், கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, கால் நீளம் குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். நன்றாகக் கூடிவிட்டால் சதவீதம் மிகக் குறைவாகவோ பூஜ்யமாகவோ வரலாம், 12% நான் கணக்குக்காக எடுத்ததுதான். வலி இருந்தால் ஒவ்வொரு ரிவ்யூவிலும் டாக்டரிடம் சொல்லி எழுதவைக்கட்டும். பிசியோவைத் தவறவிட வேண்டாம். மதிப்பீடு சரியில்லை என்றால் நோட்டீஸில் போட்டிருக்கும் நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், அந்தக் கவரைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.