லெதர் ஃபினிஷ் கிரானைட்: போர் தண்ணி வீட்டு அடுப்பு மேடைக்குச் சரிப்படுமா?

வள்ளியூர்ப் புதுவீடு:
எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூர் பக்கத்துல வீடு கட்டிட்டு இருக்கோம். பூச்சு வேலை முடிஞ்சது, அடுப்படி மேடைக்குக் கல்லு எடுக்கணும். ஒரு பக்கம் அடுப்பு, மடங்குற பக்கம் ஜன்னலுக்குக் கீழ சிங்க்.

கடையில கருப்பு கிரானைட்ல ரெண்டு விதம் காட்டினாவ. ஒண்ணு மொகம் தெரியுற பாலிஷ். இன்னொண்ணு லெதர் ஃபினிஷ், தடவிப் பார்த்தா லேசா மேடும் பள்ளமுமா இருக்கு, பளபளப்பு கம்மி. எனக்கு அதுதான் மனசுக்குப் பிடிச்சிருக்கு. கொத்தனார் வேண்டவே வேண்டாங்காரு, எண்ணெயும் மஞ்சளும் பள்ளத்துல ஏறிக்கிடுமாம். கடைக்காரர் ஒண்ணும் ஆகாதுங்காரு.

ரெண்டுலயும் ஒவ்வொரு துண்டு வாங்கிட்டு வந்தேன். நல்லெண்ணெய், மஞ்சக் கரைசல், புளித்தண்ணி மூணையும் ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில சோப்பு போட்டுத் தேச்சேன், ரெண்டுலயும் போயிருச்சு. ஆனா எங்க போர் தண்ணி சொட்டு காஞ்ச இடத்துல வெள்ளை வட்டம் விழுது. பாலிஷ் துண்டுல நகத்தை வச்சுச் சுரண்டினா உதிருது, லெதர் துண்டுல போக மாட்டேங்குது. இது கல்லோட குறையா? சீலர் அடிச்சா நிக்குமா?

இன்னொரு சந்தேகம். பாத்ரூம் வாஷ்பேசின் மேடைக்கு விலை குறைச்சலா ஒரு கருப்புக் கல்லு காட்டுதாவ. அதுவும் லெதர் ஃபினிஷ்தான், கிரானைட்டுதான்னு சொல்லுதாவ. நம்பி எடுக்கலாமா?

பேட்டை கல்வேலை:
தங்கச்சி, அந்த வெள்ளை வட்டம் கல்லு கக்கினது இல்ல, உங்க தண்ணி விட்டுட்டுப் போனது. போர் தண்ணியில கரைஞ்சிருக்குற சுண்ணாம்புச் சத்து, தண்ணி காஞ்சதும் அப்படியே படிஞ்சு நிக்கும். பாத்திரத்துலயும் குழாய் வாயிலயும் படியுதே, அதேதான். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேற தண்ணியே கிடைக்காத எடத்துல 600 வரை. உங்க தண்ணியை ஒருதரம் சோதிச்சுப் பாத்துருங்க. கல்லு எடுக்குறதுக்கு முன்னாடி அது தெரிஞ்சிருக்கணும்.

சீலர் இதுக்கு மருந்தில்ல. அது கல்லுக்குள்ள எண்ணெய், தண்ணி இறங்குறதைத்தான் தடுக்கும். மேல காயுற உப்பை ஒண்ணும் செய்யாது.

லெதர் ஃபினிஷ் எப்படி வருதுன்னு தெரிஞ்சா மிச்சம் தானா வெளங்கும். கல்லை மட்டமா இழைச்சு, அதுக்கு மேல வைரத்தூள் வச்ச முடிகள் உள்ள பிரஷை ஓட்டுவாங்க. கிரானைட்டு ஒரே பொருள் இல்ல, பல தாதுக்கள் சேந்தது. மெத்துனு இருக்குற தாது சீக்கிரம் தேய்ஞ்சு பள்ளமாகும், கெட்டியானது மேடா நிக்கும். அதனால ஒவ்வொரு கல்லுக்கும் பள்ளத்தோட ஆழம் வேற வேற. நீங்க கல்லு பாக்கும்போது நகத்தைக் குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் வழுக்கிட்டுப் போகணும், தட்டித் தட்டி நின்னா அடுப்படிக்கு அது வேண்டாம். கொத்தனார் பயப்படுதது அந்த மாதிரி ஆழமான கல்லைப் பாத்துட்டுத்தான், அவர் சொல்லுறதுலயும் நியாயம் இருக்கு.

ஃப்ளேம்டுன்னும் ஒண்ணு காட்டுவாவ. அது தீ ஜுவாலையில மேல்தோலைப் பொரிய வைக்குறது. முத்தத்துக்கும் படிக்கும் அருமையா இருக்கும், சமைக்குற எடத்துக்கு ஆகாது.

மேலப்பாளையம் அடுப்படி:
எங்க வீட்டுல லெதர் மேடைதான், புழங்குறவ சொல்லுதேன். அடுப்பு பக்கம் எனக்கு ஒரு குறையும் இல்ல. தாளிச்சுத் தெறிச்ச எண்ணெய் பாலிஷ் கல்லுல தெரியுற மாதிரி இதுல பளிச்சுன்னு தெரியாது, ஈரத்துணி வச்சுத் துடைச்சா போதும். தெரியலையேன்னு துடைக்காம விட்டா மட்டும் பிசுக்கு ஏறும்.

ரெண்டு விஷயம் கடையில யாரும் சொல்ல மாட்டாவ. மிக்சிக்கு அடியில உறிஞ்சிப் பிடிக்குற ரப்பர் கால் இருந்தா இதுல பிடிக்காது, அரைக்கும்போது நகரும். கல்லுலயே நேரா சப்பாத்தி தேய்க்குற பழக்கம் இருந்தா மாவு பள்ளத்துல அப்பிக்கிடும். எங்க மைனி அப்படித்தான் தேய்ப்பா, அதனால அவளுக்குன்னு தனியா ஒரு பாலிஷ் துண்டு வாங்கி வச்சோம். முறுக்கு, சீடை எல்லாம் துணி விரிச்சுச் செய்யுறதால தொந்தரவு இல்ல.

எங்களுக்கு ஆத்துத் தண்ணி, அதனால வெள்ளைப் படிவு பத்தி என்னால சொல்ல முடியல.

பாளை கட்டுமானம்:
என் அபிப்பிராயம் வேற. சிங்க் இருக்குற பக்கத்துக்கு பாலிஷ் போடுங்க. உங்க துண்டே பதில் சொல்லிருச்சு: பாலிஷ்ல சுரண்டினா வருது, லெதர்ல வரல. சிங்க்கைச் சுத்தி தினமும் ஈரம் இருக்கும், ஒவ்வொரு ஈரமும் காயும்போது ஒரு படலம் சேரும். கருப்புக் கல்லுல அந்த வெளுப்பு ரொம்ப எடுத்துக் காட்டும். ஜன்னல் வெளிச்சம் வேற நேரா அது மேலதான் விழுது.

அடுப்பு பக்கம் லெதர், சிங்க் பக்கம் பாலிஷ். ஒரே கல்லை ரெண்டு விதமா வாங்கலாம், மூலையில இணைப்பு எப்படியும் வரத்தான் போகுது. இல்ல, முழுக்க லெதர்தான் வேணும்னா கருப்பை விட்டுட்டு சாம்பல் நிறத்துல போங்க. வெள்ளை கலந்த கல்லுக்குப் போனா மட்டும் சீலர் கட்டாயம், வெளிர்நிறக் கல்லுல பல ரகம் எண்ணெயைக் குடிக்கும். ஒரு சொட்டு தண்ணி விட்டு கால் மணி நேரம் கழிச்சுப் பாருங்க, அந்த எடம் கருத்துப் போயிருந்தா அது குடிக்குற கல்லு.

பாத்ரூம் கல்லு விஷயத்துல எனக்குச் சந்தேகமா இருக்கு. அது கடப்பாக் கல்லா இருக்கலாம். ஒரு துண்டு மேல அரை எலுமிச்சம்பழத்தைக் கவுத்து வச்சு, பத்து நிமிஷம் கழிச்சுக் கழுவித் துடைச்சுப் பாருங்க. வெள்ளைத் துணியில நகப்பூச்சு நீக்கியை நனைச்சும் தேய்ங்க. துணி கருத்தா சாயம் ஏத்தின கல்லு.

வள்ளியூர்ப் புதுவீடு:
பாத்துட்டேன். சாயம் வரல. ஆனா எலுமிச்சை வச்ச எடத்துல வட்டமா வெளுத்துருச்சு, எண்ணெய் தேச்சும் மறையல. கிரானைட் துண்டுல ஒண்ணுமே ஆகல.

பாளை கட்டுமானம்:
அப்போ அது சுண்ணாம்புக் கல்லு வகை, கடப்பாதான். மோசமான கல்லுன்னு சொல்ல மாட்டேன். பாத்திர அலமாரித் தட்டுக்கும் பரணுக்கும் நம்ம ஊர்ல காலங்காலமா போடுதோம். புளிப்பு பட்டாத்தான் அரிச்சுரும். வாஷ்பேசின் மேடையில போட்டா பாத்ரூம் கழுவுற ஆசிட் ஒரு துளி தெறிச்சாலே போச்சு. உப்புப் படிவை எடுக்க வினிகரும் போட முடியாது. கிரானைட்டுன்னு சொல்லி வித்தா வாங்காதீங்க.

பேட்டை கல்வேலை:
அந்த வினிகர் விஷயத்தை நானும் சொல்லணும்னு இருந்தேன். உங்க லெதர் துண்டுல இருக்குற வட்டத்து மேல, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு துணியில நனைச்சுப் போடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு பழைய பல் பிரஷால தேச்சு, நல்லாக் கழுவிருங்க. சுண்ணாம்புப் படிவு கரைஞ்சு வந்துரும், கிரானைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அடிக்கடி செய்ய வேண்டாம், சீலர் அடிச்சிருந்தா அது போயிரும். கம்பி பிரஷ், கழிப்பறை ஆசிட் ரெண்டையும் பக்கத்துலயே விடக்கூடாது.

வள்ளியூர்ப் புதுவீடு:
வட்டம் போயிருச்சு அண்ணாச்சி! பிரஷ் வச்சுத் தேச்சதும் பள்ளத்துல இருந்ததும் வந்துருச்சு. ஆனா இதை வாரா வாரம் சிங்க்கைச் சுத்திச் செய்ய என்னால முடியாது. அத்தைக்கு முழங்கால் வலி, பாதி நாள் அவங்கதான் பாத்திரம் கழுவுதாவ. அதனால சிங்க் பக்கம் பாலிஷ், அடுப்பு பக்கம் லெதர்னு முடிவு பண்ணியாச்சு. வாஷ்பேசினுக்கும் அதே பாலிஷ் கிரானைட். கடையில வேற என்ன கேட்டு வாங்கணும்?

பேட்டை கல்வேலை:
ஓரம்தான் முக்கியம். லெதர் கல்லை வெட்டி ஓரத்தை உருட்டும்போது சாதாரண பாலிஷ் வட்டு போட்டு முடிச்சுருவாங்க. மேல மங்கலா, ஓரம் மட்டும் மின்னிட்டு நிக்கும். ஓரத்துக்கும் பிரஷ் ஓட்டணும்னு பில் போடுறதுக்கு முன்னாடியே சொல்லி எழுதி வாங்குங்க. வீட்டுக்கு வந்தப்புறம் கை மிஷின்ல செஞ்சா மேல இருக்குற பதம் வராது.

ரெண்டு ஸ்லாப்பும் ஒரே கனமான்னு அளந்து பாத்து எடுங்க, இல்லேன்னா மூலை இணைப்புல படி நிக்கும். சிங்க் பக்கத்துக் கல்லுக்கு அடியில, ஓரத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு காடி வெட்டச் சொல்லுங்க. வழியுற தண்ணி கீழ இருக்குற கப்போர்டு கதவுக்குப் போகாம அங்கேயே சொட்டிரும். கல்லு பதிச்சு ஈரம் நல்லாக் காஞ்ச பிறகு லெதர் பக்கத்துல சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. கருத்தா மட்டும் சீலர் அடிங்க, அடிச்சா மிச்சத்தைக் காயுறதுக்கு முன்னாடி துடைச்சிரணும்.