லாங்மியர் புரோபுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களே, இளநிலை இயற்பியல் ஆய்வகக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தாழ்ந்த அழுத்தத்தில் ஆர்கான் அடைத்த மின்னிறக்கக் குழாய்க்குள் மெல்லிய டங்ஸ்டன் கம்பியை நீட்டி, அதன் மின்னழுத்தத்தை எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறி வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறிக்கிறோம். அந்தக் கம்பிதான் லாங்மியர் புரோப். ‘துருவி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

---

> ‘துருவி’ என்று

வேண்டாம். துருவித் துருவிக் கேட்பது வேறு, பெயர்ச்சொல்லாக நின்றால் தேங்காய்தான் கண்ணில் தெரியும். ‘சலாகை’ போடுங்கள். புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்க்கும் கருவி அது, இங்கேயும் அதே வேலை.

---

சலாகை வடசொல். ‘கோல்’ இருக்கும்போது அது எதற்கு? குறள் 796, ‘கிளைஞரை நீட்டி யளப்பதோர் கோல்’. நீட்டுவதும் அளப்பதும் ஒரே அடியில் வந்துவிட்டன! 118இல் சீர்தூக்கும் கோல், 1285இல் மை எழுதும் கோல், அப்புறம் செங்கோல், தூண்டுகோல். திரண்டு நீண்ட எதுவும் கோல்தான், கோலமும் இந்த வேரில் பிறந்தது என்பது என் கருத்து. ‘அளகோல்’ என்பேன். குழாய்க்குள் எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்து நிற்கும் வளிமத்தின் பெயரான பிளாஸ்மாவையும் மாற்றுங்கள், ‘மின்மம்’.

---

ஐயா, பிளாஸ்மாவில் கை வைக்க வேண்டாம். 1928இல், இந்தப் புரோபுக்குப் பெயர் தந்த லாங்மியரே கிரேக்கத்திலிருந்து எடுத்த சொல், பள்ளியிலிருந்தே பிள்ளைகளுக்குப் பழக்கம். அளகோலும் அளவுகோலோடு குழம்பும். அதோடு இந்தக் கம்பி வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. எலக்ட்ரான்களையும் அயனிகளையும் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அயனிப் பங்கைக் கழித்து, மின்னோட்டத்தின் மடக்கையை மின்னழுத்தத்துக்கு எதிரே வரைந்து, நேர்கோடாக ஏறும் பகுதியின் சாய்வைப் பார்த்தால்தான் எலக்ட்ரான் வெப்பநிலை கிடைக்கும். சில எலக்ட்ரான் வோல்ட் வரும், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டே சுமார் 11,600 கெல்வின். அப்படியிருந்தும் கண்ணாடி ஏன் உருகவில்லை என்று மாணவர் கேட்க வேண்டும். எலக்ட்ரானின் நிறை ஆர்கான் அணுவோடு பார்த்தால் மிகமிகக் குறைவு, மோதித் தெறிக்கும்போது ஆற்றலில் மிகச் சிறு பங்கைத்தான் கைமாற்றும், அதனால் வளிமம் அவ்வளவு சூடாவதில்லை. கையேட்டில் இதற்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். சொல்லுக்கு, ‘ஆய்கோல்’ போதும்.

---

ஆய்கோலுக்கு நானும். கம்பியைச் சுற்றி மின்னூட்டம் சமன்கெட்டு நிற்கும் மெல்லிய படலத்துக்கு ‘உறை’ என்று போட்டுவிடலாம், அதில் சண்டை வராது.

---

அப்படியானால் ‘லாங்மியர் ஆய்கோல்’, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘புரோப்’. கண்ணாடிப் பத்தியையும் சேர்த்துவிடுகிறேன்.

---

போடுங்கள். ஆனால் ஆய்கோல் என்றால் எந்த ஆய்வுக் கருவிக்கும் பொருந்தும், உள்ளே விட்டுப் பார்ப்பது அதில் எங்கே இருக்கிறது? என் வாக்கு சலாகைக்குத்தான்.