"மேலுரிமைக் கட்டளைச் சாளரம்" சரிவருமா?

வணக்கம். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்தால், அதை ஆங்கிலத்தில் 'எலிவேட்டட் கமாண்ட் பிராம்ப்ட்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> தலைப்புப் பட்டையிலேயே 'நிர்வாகி' என்று வருகிறது. "நிர்வாகிக் கட்டளைச் சாளரம்" என்று வைத்துவிட்டால் என்ன?

எனக்குத் தயக்கம் அங்கேதான். நிர்வாகிக் கணக்கில் நுழைந்தவர் கட்டளைச் சாளரத்தைச் சும்மா திறந்தால் அதற்கு நிர்வாகி உரிமை வருவதில்லை. விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸ் அவருக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகளைப் போட்டு வைக்கிறது. ஒன்று முழு உரிமையுள்ளது, மற்றது கத்தரித்தது. அன்றாட வேலையெல்லாம் கத்தரித்த சீட்டில்தான் ஓடும். வலது கிளிக் செய்து 'நிர்வாகியாக இயக்கு' என்பதைத் தேர்ந்து, திரை மங்கி வரும் கேள்விக்கு 'ஆம்' சொன்ன பிறகே முழுச் சீட்டு கைக்கு வரும். ஆள் அதே ஆள், உரிமைதான் ஏறியிருக்கிறது. இது தெரியாதவர் சாதாரணச் சாளரத்தில், விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையைக் கொடுப்பார். நிர்வாகியாக இருந்தால்தான் முடியும் என்று அது மறுக்கும். "நான் நிர்வாகிதானே!" என்று திகைப்பவருக்கு அந்தப் பெயர் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்யும்.

(சாதாரணக் கணக்கு என்றால் நிர்வாகி ஒருவரின் கடவுச்சொல் கேட்கும். அப்போது மட்டும் ஆளும் மாறுகிறார்.)

> "உயர்த்தப்பட்ட கட்டளைத் தூண்டி"?

எதை உயர்த்தினோம், எழுத்தின் அளவையா? தவிர, தூண்டி என்பது கட்டளைக்காகக் காத்து நிற்கும் அந்த ஒற்றை வரி. நாம் பெயர் தேடுவது முழுச் சாளரத்துக்கு.

என் பரிந்துரை "மேலுரிமைக் கட்டளைச் சாளரம்". வினையாக வேண்டுமானால் "மேலுரிமையுடன் திற". 'மிகையுரிமை'யையும் யோசித்தேன். மிகை என்றாலே தேவைக்கு மேல் என்ற வாடை அடிக்கிறது, விட்டுவிட்டேன். லினக்ஸிலும் இது பொருந்தும். உரிமையை ஏற்றும் சூடோ கட்டளையைப் போட்டு ரூட் ஷெல்லுக்கு, அதாவது முழு உரிமையுள்ள கட்டளை வரிக்குப் போனால், வழக்கமாக டாலர் குறி நிற்கும் இடத்தில் ஹேஷ் குறி வரும் அல்லவா, அதை "மேலுரிமை முனையம்" எனலாம்.

> பயனர் தேடுபெட்டியில் இவ்வளவு நீளமாகத் தட்டுவாரா?

மாட்டார். அவர் கட்டளைச் சாளரத்தின் குறும்பெயரான சிஎம்டி என்பதைத் தட்டி, கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டுப் போவார். நமக்குச் சொல் தேவைப்படுவது உதவிப் பக்கங்களுக்கும் பிழைச் செய்திகளுக்கும். முதல் முறை முழுப்பெயர், அப்புறம் "மேலுரிமைச் சாளரம்" போதும்.

உரிமையை ஏற்றும் செயலுக்கு மட்டும் இன்னும் நல்ல பெயர் சிக்கவில்லை. இப்போதைக்கு "உரிமையேற்றம்" என்று எழுதி வருகிறேன். பதவியேற்றம் போல ஒலிக்கிறது. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.