வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார்கள்

குலசேகரத்துக்காரி:

என் தம்பி ரப்பர் வெட்டுக்காரன். விடியக்காலம் 4 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், பால் எடுத்து ஷீட் அடித்து முடிக்கையில் மத்தியானம் ஆகிவிடும். டாஸ்மாக் கடை திறப்பதும் 12 மணிக்கு. இந்தப் பொருத்தத்தை யார் பார்த்து வைத்தார்களோ! மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நின்றுபோனால் பகலும் இல்லை, இரவும் இல்லை. இந்த வருடம் கை நடுங்கிக் கத்தி பட்டையைத் தாண்டி மரத்திலேயே இறங்க ஆரம்பித்தது. முதலாளி வேறு ஆள் பார்த்துவிட்டார்.

அம்மா அவனைக் கோயிலுக்குக் கூட்டிப் போய், இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவனும் உண்மையாகவே நிறுத்தினான். வினை அங்கேதான் வந்தது. இரண்டாம் நாள் காலை சாயா கிளாசோடு விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. ஆளுக்கொரு சாவியைக் கையில் திணித்தார்கள். அன்று ராத்திரி முழுக்கச் சுவரில் எறும்பு ஏறுகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டு மாமி, “எதுவோ கூடியிருக்கு மக்ளே, மந்திரவாதிகிட்ட காட்டுங்க” என்றாள். நாங்கள் ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனோம்.

அங்கே டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்துப் பிதற்றலும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம். அதில் உயிரே போகலாம். அதனால் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைக்கக் கூடாது. வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்தார்கள். 8 நாளில் ஆள் தெளிந்து, “அக்கா, தலையில கொஞ்சம் எண்ணெ வச்சு விடு” என்றான்.

“உடம்பு தெளிஞ்சாச்சு. குடிக்காம இருக்கப் பழகணும்னா ஒரு மாசமாவது எங்கயாவது தங்கணும்” என்றார் டாக்டரம்மா. அந்த எங்கயாவதைத் தேடித்தான் நான் அலைந்தேன்.

முதலில் போன் போட்ட தனியார் இல்லத்தில் நோயாளியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டார்கள். அடுத்தது, “ஆள் வரமாட்டானா? ஒண்ணும் பயப்படாதீங்க, ராத்திரி நாலு பையன்களோட வண்டி அனுப்பட்டுமா?” என்றார்கள். அவன் வரச் சம்மதித்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், எதற்கு நாலு பையன்கள்? பதிவு எண் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

பிறகு 14446க்கு அடித்தேன். போதை மறுவாழ்வுக்கான மத்திய அரசின் இலவச எண். பொறுமையாகப் பேசினார்கள், அரசு மானியத்தில் நடக்கும் ஒரு மையத்தைச் சொன்னார்கள். காசு கிடையாது, ஆனால் கட்டிலும் காலி இல்லை. 11 நாள் காத்திருந்தோம். அந்த 11 நாளும் அத்தான் அவன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார். மத்தியானம் 12 ஆனால் நான் ஏதாவது வேலை சொல்வேன். தேங்காய் உரிப்பான், கிணற்றடியைக் கழுவுவான். எங்கள் கிணற்றடி அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

தக்கலை வாசி:

அக்கா, வண்டி அனுப்பச் சொல்லாமல் விட்டீர்களே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என்னை அப்படித்தான் தூக்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கைலியோடு. 3 மாதம் உள்ளே இருந்தேன். கவுன்சலிங் என்ற பெயரில் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போவார். வெளியே வந்த அன்று சாயங்காலமே, வீட்டாரைப் பழிவாங்க வேண்டும் என்றே குடித்தேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடிநோயும் போதைநோயும் அடக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது. சிகிச்சை இல்லம் பதிவு செய்திருக்க வேண்டும். சம்மதித்து வருகிறவர் தானே கையெழுத்துப் போட்டுச் சேரலாம், வெளியேறவும் கேட்கலாம். சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை வீட்டார் மூலம் சேர்ப்பதென்றாலும் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அப்போதும் முதலில் 30 நாள்தான். என்னைப் பரிசோதித்தது வண்டி டிரைவர்.

இரண்டாவது முறை நானே போனேன். இப்போது வாரம் இரண்டு நாள் ஏஏ கூட்டம், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். மற்றதைச் சொல்லிப் பீற்ற விருப்பமில்லை, கண்பட்டுவிடும்.

நாகர்கோவில் அம்மா:

என் மகனுக்குக் கஞ்சா, கூடவே ஏதோ மாத்திரை. வயது 19. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே 6 மாதம் போக்கிவிட்டேன். யாராவது விவரம் சொல்லுங்கள்.

தக்கலை வாசி:

அம்மா, முதலில் ஓபிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னோடு வார்டில் இருந்த பையன்களில் பாதிப்பேருக்கு மாத்திரைதான், ஒரு போலீசும் வந்து பார்த்ததில்லை. போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். பாதியில் ஓடிவந்தால் விலக்கும் போய்விடலாம். உங்கள் மகன் மேல் வழக்கே இல்லை, பின் என்ன பயம்? மாத்திரையை மட்டும் நீங்களாகப் பிடுங்கி வைக்காதீர்கள். அதிலும் சிலதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

குலசேகரத்துக்காரி:

என்ன கொண்டு போக வேண்டும் என்று இன்பாக்சில் கேட்டவருக்கு: ஆதார், பழைய மருந்துச் சீட்டு, 4 கைலி, போர்வை. ரேசரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சென்ட், ஆப்டர்ஷேவ் எதையும் உள்ளே விடவில்லை, அதிலும் ஆல்கஹால் இருக்கிறதாம். முதல் வாரம் போன் கிடையாது. வீட்டில் ஒருவர் கவுன்சலிங்குக்கு வந்தே ஆக வேண்டும் என்பது கண்டிப்பு. நான்தான் போனேன். இரண்டு மணி நேரம் என்னைப் பற்றியே கேட்டார்கள், அழுதுவிட்டேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நேற்று அவனைப் பார்த்தோம். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. எப்படி இருக்கே என்று கேட்டால் பதில் இல்லை. “மழ வரப் போவுதே, மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டியாச்சா?” என்று கேட்டான். அந்த மரங்களை இப்போது வேறு ஆள் வெட்டுகிறான் என்பது அவனுக்கும் தெரியும்.