பிளாங்கின் மாறிலி செய்முறைக்கு அலைநீளம் தெரிந்த எல்ஈடிகள் தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, முல்லைத்தீவு உயர்தர மாணவர்கள் பிளாங்கின் மாறிலியை (ஒளியின் சக்தியை அதன் அதிர்வெண்ணோடு இணைக்கும் எண்) தாங்களே அளப்பதற்கு ஒரு செய்முறை ஆயத்தமாகிறது. வெவ்வேறு நிற எல்ஈடிகள் எரியத் தொடங்கும் வோல்ற்றளவை அவற்றின் அலைநீளத்தோடு ஒப்பிட்டு அதைக் கணிப்பதுதான் வழி. 9 வோல்ற்று பற்றரி, 10 கிலோஓம் மாறுந்தடை, எல்ஈடியோடு தொடராக 1 கிலோஓம் தடை, இரண்டு பல்மானி. இவ்வளவும் கையில் இருக்கு.

சிக்கல் பச்சையில்தான். கடையில் 'பச்சை' என்று தருவது பழைய வகையென்றால் 565 நனோமீற்றர் அளவில் இருக்கும், புதியது 525. மாறிப் போட்டால் வரைபில் அந்தப் புள்ளி கோட்டை விட்டு விலகும், சாய்வும் பிழைக்கும். வெள்ளை எல்ஈடி வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது நீல எல்ஈடியும் அதன் ஒளியை வேறு நிறங்களாக மாற்றும் பொசுபர் பூச்சும்.

எரியத் தொடங்கும் கணத்தைக் கண்ணால் பிடிப்பதும் சரிவராது. கண் பச்சையைக் கெதியாகக் காணும், சிவப்பைப் பிந்தித்தான் காணும். அதனால் எல்லா நிறத்துக்கும் 20 மைக்குரோஅம்பியரில் வோல்ற்றளவை எடுத்து, அலைநீளத்தின் தலைகீழுக்கு எதிராக வரைபு கீறுவதே திட்டம். சாய்வை இலத்திரன் ஏற்றத்தால் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்தால் 6.63 × 10⁻³⁴ யூல் செக்கனுக்குக் கிட்ட வரவேணும்.

அலைநீளம் குறித்த, நிறமற்ற மூடியுள்ள 630, 590, 525, 470 எல்ஈடிகள் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ எங்கே எடுக்கலாம்? பல்கலைக்கழக நிறமாலைமானியில் ஒருக்கா சரிபார்த்துத் தர யாராலும் முடியுமா? பழுதான ரிவி ரிமோட் இருந்தாலும் தாருங்கள். அதிலுள்ள அகச்சிவப்பு எல்ஈடி பெரும்பாலும் 940. கோடு நன்றாக நீளும்.