கோட்டாவுக்கு ஒதுக்கீடு வேண்டாம், உச்சவரம்பு போதும்

வணக்கம் நண்பர்களே,

சர்வரில் ஒரு பயனர் இவ்வளவு இடத்துக்குமேல் பிடிக்கக்கூடாது என்று போடுகிற டிஸ்க் கோட்டாவைத் தமிழில் என்ன சொல்வது என்று ஓடிக்கொண்டிருக்கும் இழையில் பெரும்பாலோர் 'ஒதுக்கீடு' பக்கம் நிற்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணச் சண்டைக்கு வரவில்லை, அண்மையில் அம்பத்தூரில் படுத்துவிட்ட ஒரு சர்வர்தான் காரணம்.

ஒரு டிசைன் அலுவலகம். எல்லோருடைய கோப்புகளும் ஒரே லினக்ஸ் சர்வரின் ஹோம் பார்ட்டிஷனில் (பயனர் கோப்புகளுக்கென்று பிரித்த டிஸ்க் பகுதி), ஆளுக்கு ஆள் கோட்டா போட்டு வைத்திருந்தார்கள். மின்தடை வந்தது, யூபிஎஸ் பேட்டரிக்கு வயதாகிவிட்டதால் அது தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்திருக்கும், கோட்டாவை ஆன் செய்கிற கட்டம் வரை வரும், விழும், பத்து நொடியில் தானாக எழுந்து மறுபடி அதே இடத்தில் விழும். இரவுப் பணியில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். கலங்கலான படம், ஆனால் கடைசி வரியைப் படிக்க முடிந்தது: 'கர்னல் பேனிக் - நாட் சின்கிங்', அப்புறம் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையின் பெயர், கடைசியில் 'பேனிக் ஃபோர்ஸ்டு ஆஃப்டர் எரர்'. பாதி விடை அங்கேயே இருக்கிறது. சிஸ்டத்தின் மையமான கர்னல் தானாகத் தடுக்கி விழவில்லை, பிழை கண்டால் விழுந்துவிடு என்று யாரோ எஃப்எஸ்டேபில் (எந்தப் பார்ட்டிஷனை எப்படி இணைப்பது என்ற பட்டியல்) 'எரர்ஸ்=பேனிக்' எழுதி வைத்ததால் விழுகிறது. அதே வரியின் கடைசி எண் 0, அதாவது பூட் ஆகும்போது கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே அந்தப் பார்ட்டிஷன் பக்கமே எட்டிப் பார்க்காது. மின்தடையில் கெட்டுப்போனது கோட்டாக் கணக்கு எழுதியிருக்கிற 'ஏகோட்டா.யூசர்' கோப்பின் பிளாக் விவரம் (அது டிஸ்க்கில் எந்தத் துண்டுகளில் இருக்கிறது என்பது), அதனால்தான் கோட்டாஆன் கட்டளை அதைத் தொட்டவுடன் எல்லாம் சரிந்தது. (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருந்தும் இப்படி ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: எழுத வேண்டியதை டிஸ்க் தன் தற்காலிக நினைவகமான கேஷிலேயே வைத்துக்கொண்டு 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொன்னால் ஆகும்.)

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. ரெஸ்கியூ மோடில் (பழுதுபார்க்க மட்டும் எழும் நிலை) ஏறி, எஃப்எஸ்டேபில் அந்த இரண்டையும் திருத்தி, கோட்டா ஆப்ஷனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, பார்ட்டிஷனை மவுன்ட் செய்யாத (இணைக்காத) நிலையில் இஎக்ஸ்டி4க்கான சரிபார்ப்புக் கட்டளையான இ2எஃப்எஸ்சிகேயை முழுதாக ஓட்டி, பிறகு ஆப்ஷனைத் திரும்பப் போட்டு பயன்பாட்டை எண்ணும் கோட்டாசெக் கட்டளையை '-சி' சேர்த்து ஓட்டினால் பழைய கோப்பைப் படிக்காமல் புதிதாக எண்ணி எழுதிவிடும்.

நம் விஷயம் இதற்கப்புறம்தான் வருகிறது. எங்கள் டெக்னீஷியன் தம்பி அறிக்கையைத் தமிழிலேயே எழுதினான், நல்ல பையன். 'ஒதுக்கீட்டுக் கோப்பு சிதைந்துவிட்டது, புதிதாக உருவாக்கப்பட்டது' என்று ஒரு வரி. அதைப் படித்த முதலாளி பதறிப்போய்ப் போன் செய்தார்: "அப்போ பசங்களுக்கு ஒதுக்கின இடத்துல இருந்த டிராயிங் எல்லாம் போச்சா சார்?" ஒரு டிராயிங்கும் போகவில்லை, போனது கணக்குப் புத்தகம் மட்டும். ஆனால் அந்த வரியை அவர் வேறு எப்படிப் படித்திருக்க முடியும்?

இழையில் வந்த ஒரு மடல் இப்படிச் சொல்கிறது:

> ஒதுக்கீடு எல்லோருக்கும் தெரிந்த சொல். 'இட ஒதுக்கீடு' என்றால் டிஸ்க் இடம் என்ற பொருளும் தானாக வந்துவிடுகிறது, இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே, ஐயா. நம் ஊரில் ஒதுக்கீடு என்றால் எனக்கென்று எடுத்து வைத்தது, இன்னொருவர் தொட முடியாதது. 'அப்படியே கோட்டா என்று விட்டுவிடலாமே' என்ற யோசனைக்கும் இதே கதிதான்: ஸ்போர்ட்ஸ் கோட்டா, மேனேஜ்மென்ட் கோட்டா என்று கேட்டுப் பழகிய காதுக்கு அதுவும் காத்திருக்கிற சீட்டுதான். டிஸ்க் கோட்டா யாருக்கும் எதையும் எடுத்து வைப்பதில்லை. 500 ஜிபி டிஸ்க்கில் 40 பேருக்கு ஆளுக்கு 20 ஜிபி போடலாம், கூட்டினால் 800 வரும், சிஸ்டம் ஒரு வார்த்தை பேசாது. சிலர் நிரப்பிவிட்டால் 3 ஜிபி மட்டுமே வைத்திருப்பவருக்கும் 'வட்டில் இடமில்லை' என்றுதான் வரும், 'கோட்டா தாண்டிவிட்டது' என்று வராது. இரண்டும் கர்னலுக்கு வேறு வேறு பிழை. போதாக்குறைக்கு, டிஸ்க்கில் பிளாக்குகளை நிஜமாகவே எடுத்துக் கொடுக்கிற அலோகேஷன் என்ற வேலைக்கு நாம் ஏற்கெனவே ஒதுக்கீடு என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் பரிந்துரை 'உச்சவரம்பு'. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்து, 1970இல் அதை 15 ஆக்கினார்கள். அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு எனக்கு 15 ஏக்கர் எங்கே என்று யாரும் தாசில்தார் அலுவலகத்தில் போய் நின்றதில்லை. இதற்குமேல் வைத்துக்கொள்ளாதே என்பது மட்டும்தான் அதன் பொருள், அது எல்லோருக்கும் புரிந்தது. 1983இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்த கோட்டா, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்ஸ் எழுதியது, அதன் வேலையும் இதுவேதான்: பொது இயந்திரத்தில் ஒருவர் எல்லா இடத்தையும் வளைத்துப் போடாமல் தடுப்பது.

அந்தக் கோப்புக்குள் இரண்டு விஷயம் இருப்பதையும் கவனியுங்கள், யார் எவ்வளவு வைத்திருக்கிறார் என்ற பயன்பாட்டுக் கணக்கு, யாருக்கு எவ்வளவு என்ற வரம்பு. முதலாவதை டிஸ்க்கை எண்ணி மீட்டுவிடலாம். இரண்டாவதை எண்ணி மீட்க முடியாது, கோட்டாசெக் '-சி' முடிந்தபோது அம்பத்தூரில் எல்லோருடைய வரம்பும் காலி, நல்லவேளையாக வரம்புகளைக் காட்டும் ரெப்கோட்டா கட்டளையின் பட்டியல் ஒன்று பழைய மின்னஞ்சலில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து 'ஒதுக்கீடு' என்றால் எது மீளும் எது மீளாது என்று அறிக்கையில் எழுதவே வழியில்லை. ஆகவே அந்தக் கோப்பு 'உச்சவரம்புப் பதிவேடு' ஆகட்டும்.

சாஃப்ட், ஹார்ட் லிமிட்டுகளுக்கு 'மென் வரம்பு, வன் வரம்பு' என்று வந்த யோசனை வேண்டாம், மென்பொருள் வன்பொருள் ஞாபகம் வந்து தொலைக்கும். முதலாவது தாண்டவிட்டு எச்சரிக்கும், இரண்டாவது எழுதவே விடாது, எனவே எச்சரிக்கை வரம்பு, தடை வரம்பு. 'உச்ச' என்று சொன்ன பிறகு எச்சரிக்கை வரம்பைத் தாண்டலாம் என்பது இடிக்கிறதே என்று ஒரு தோழர் கேட்டிருந்தார். நியாயம்தான், ஆனால் உச்சவரம்பு என்பது மொத்த ஏற்பாட்டின் பெயர், உள்ளே இருக்கிற இரண்டு எண்களுக்கும் தனிப்பெயர் வந்துவிடுவதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். எச்சரிக்கை வரம்பைத் தாண்டியவருக்குத் தருகிற, லினக்ஸில் வழக்கமாக 7 நாள் இருக்கும் கிரேஸ் பீரியடுக்குக் 'கருணைக் காலம்' என்று எழுதினால் தூக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. வரி கட்டச் சொல்லும்போது நாளிதழ்கள் எழுதுகிற 'அவகாசம்' போதாதா? வடசொல் என்று அடிக்க வருபவர்கள் மாற்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.

மறுப்பு இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் இவற்றை ஏற்றிவிடுகிறேன். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் ஆளுக்கு இல்லாமல் ஓர் அடைவு (ஃபோல்டர்) மரத்துக்கே போடுகிற ப்ராஜெக்ட் கோட்டா மட்டும் இன்னும் உதைக்கிறது. 'திட்ட உச்சவரம்பு' என்றால் பட்ஜெட் மாதிரி ஒலிக்கிறது, 'அடைவு உச்சவரம்பு' எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.